பிரேக் நல்லாப் பிடிக்குது

எலச்சிபாளையம் தாண்டிவிட்டதாகச் சென்னியப்பன் போனில் சொன்னபோது, திருச்செங்கோட்டில் தன் வீட்டுச் சமையலறையில் பலகை போட்டு உட்கார்ந்து மூன்றாவது தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். லாரி வாசலில் நின்றது. அதன் பானட்டின் மேல் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

இதைப் பொய் என்று சொன்னால் லாரிக்காரர்களுக்குக் கோபம் வரும். லோடு ஏற்ற வருகிறவன் எங்கே இருக்கிறான் என்று புக்கிங் ஆபீஸ் கேட்கும். அவன் பாதி வழியில் இருப்பதாகச் சொல்வான். உங்கள் லோடை மறக்கவில்லை, கிளம்பும் எண்ணம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நாமக்கல்லில் ஆபீஸ் வைத்திருக்கும் பூங்கோதைக்கு இந்த அர்த்தமெல்லாம் அத்துப்படி. சென்னியப்பன் அரை மணி நேரம் என்றால் ஒன்றரை மணி நேரம். கிளம்பிவிட்டேன் என்றால் குளிக்கப் போகிறார். டீசல் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றால் குளித்துவிட்டார். அந்தம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. "லோடு ரெடிண்ணா" என்று அவர் சொன்னால் மூட்டைக்கு இன்னும் வாய் தைக்கவில்லை என்று புரிந்துகொண்டு சென்னியப்பன் இன்னொரு தோசை கேட்பார். பதினேழு வருஷமாக இரண்டு பேரும் இப்படிப் பேசித்தான் தொழில் செய்தார்கள். ஒரு லோடு தவறியதில்லை.

அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தவறியது. சரியாக ஒன்றரை மணி நேரத்தில் அவர் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தியபோது, அவருக்கென்று வைத்திருந்த ஜவ்வரிசி மூட்டைகள் வேறொரு லாரியில் ஏறியிருந்தன, தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங் அம்மிணி, என்ற லோடு எங்கீங்க?"

"நீங்க பேசினதைக் கேட்டுத்தாண்ணா வேற வண்டிக்கு விட்டுட்டேன்."

"நான் என்ன பேசினேன்? எலச்சிபாளையம் தாண்டிட்டேன்னேன்."

பூங்கோதை தன் போனை எடுத்துப் பதிவைப் போட்டுக் காட்டினார். சென்னியப்பனின் குரல். அவருடைய இழுப்பு, அவருடைய செருமல். வாயில் தோசை இருப்பதுகூடத் தெரிந்தது.

"இன்னும் வீட்லதான் இருக்கறனுங்க. மூணாவது தோசை ஓடிட்டிருக்குது. வந்து சேர ஒன்றரை மணி நேரமாகும்."

சென்னியப்பன் போனை வாங்கி இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். அந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. ஆனால் அத்தனையும் உண்மை.

"சரி, ஒன்றரை மணி நேரம்னு சொல்லுதல்ல? சொன்னபடி வந்து நிக்கறேனே!"

"உங்க ஒன்றரைன்னா எனக்கு நாலரைங்ண்ணா. அதுலயும், வீட்ல இருக்கேன்னு நீங்களே வாயைத் தொறந்து ஒத்துக்கிட்டீங்கன்னா நான் என்னன்னு நெனைக்கறது? இஞ்சினைக் கழட்டி வாசல்ல பரப்பிப் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்."

இதற்கெல்லாம் காரணம், முந்தின நாள் லாரியில் மாட்டிய ஒரு பெட்டி.

டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். மெய்யொலி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். டிரைவர்கள் அதை மாமியார் என்றார்கள். மூலையில் உட்கார்ந்துகொண்டு வீட்டில் நடக்கிற எல்லாவற்றையும் கேட்டு, அதைத் திருத்தி ஊருக்குச் சொல்வதால் அந்தப் பெயர். அதை மாட்ட வந்தவர் நிவேதன் என்கிற இன்ஜினியர். சரக்கு நம்பக வாரியம் என்று சென்னையில் புதிதாகத் தொடங்கியிருந்த ஆபீஸிலிருந்து வந்திருந்தார். மரியாதையான ஆள். கேபினுக்குள் ஏறும்போது ஒரு தடவையும் இறங்கும்போது ஒரு தடவையும் மண்டையை இடித்துக்கொண்டார்.

"இது என்னுங்க பண்ணும்?" என்று அப்போது சென்னியப்பன் கேட்டார்.

"உங்க போன்ல நீங்களோ புரோக்கரோ யார் பேசினாலும், உண்மைக்கு மாறா ஏதாவது வந்துட்டா, கேக்கறவங்க காதுக்கு அதைச் சரியாக்கிக் கொடுக்கும். உங்க குரல்லயே. வித்தியாசம் தெரியாது."

"எனக்குக் கேக்குங்களா?"

"இல்லைங்க. நீங்க பேசறது உங்களுக்கு அப்படியேதான் கேக்கும். அந்தப் பக்கம்தான் மாறும்."

"எது நெசம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"வண்டியில இருக்கற சென்சார் எல்லாத்தோடயும் பேசும். உங்க போன் எங்க இருக்குன்னு பார்க்கும். வாரியத்துப் பதிவு, ஆபீஸ் பதிவு எல்லாம் அதுக்குத் தெரியும். குரல்ல நடுக்கம் வந்தா அதையும் கண்டுபிடிச்சிடும். பேசற பதிவெல்லாம் வாரியத்துக்குப் போயிடும்."

"சென்சாரே தப்பாச் சொன்னா?"

நிவேதன் சிரித்தார். "சென்சார் பொய் சொல்லாதுங்க. மனுஷங்கதான் சொல்வாங்க. ஆமா, உங்க வண்டியில பிரேக் சென்சார் வேலை செய்யுதா?"

"அருமையா வேலை செய்யுதுங்க."

அந்தச் சென்சார் கெட்டுப்போய் ஏழு மாதமாகியிருந்தது. பிரேக் நன்றாக இருக்கும்போதே பிரேக் இல்லை, பிரேக் இல்லை என்று கத்திக்கொண்டிருந்தது. தூங்க விடவில்லை. வேறு சென்சார் வர ஒரு மாதமாகும் என்றார்கள். சென்னியப்பன் மனைவியின் சேலை ஊக்கு ஒன்றை வாங்கி, சென்சாரின் இரண்டு ஒயரையும் சேர்த்துக் குத்திவிட்டார். அன்றிலிருந்து பிரேக் விளக்கு பச்சையாகவே எரிந்தது. சக்கரத்தையே கழற்றிப் போட்டாலும் பச்சைதான்.

நிவேதன் பெட்டியின் சுவிட்சைப் போட்டது அதற்குப் பிறகு. அந்தப் பெட்டியிடம் திருத்தப்படாமல் தப்பிய கடைசிப் பொய் அதுவாக இருந்தது.

பெட்டியை வேண்டாம் என்று சொல்ல முடியாது. நாலுவழிச் சாலை முழுவதையும் ஆளில்லா லாரிகள் எடுத்துக்கொண்ட காலம் அது. பத்து வண்டி, இருபது வண்டி என்று கம்பெனிக்காரன் வரிசை வரிசையாக விடுவான். அவை நேராகப் போகும், நேராக வரும். சொந்த வண்டிக்காரனுக்கு மிஞ்சியது மலைப்பாதை, மண்பாதை, மாட்டுச்சந்தைக்குப் பின்னால் இருக்கிற குடோன். அந்த மிச்சத்துக்கும் வாரியம் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு லாரிக்காரனும் ஒரு புரோக்கரோடு ஜோடியாகப் பதிய வேண்டும். ஜோடிக்கு நம்பக எண் உண்டு. எழுபதில் தொடங்கும். சொன்ன சொல்லும் நடந்த காரியமும் ஒத்துப்போகாதபோதெல்லாம் குறையும். நாற்பதுக்குக் கீழே போனால் ஜோடி கலைந்துவிடும், லாரிக்காரன் கம்பெனி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

கம்பெனி வரிசை என்றால் என்னவென்று சென்னியப்பனுக்குத் தெரியும். அவருடைய மச்சான் தங்கராசு அங்கேதான் இருந்தான். கடைசி லாரியில் அவனை உட்கார வைத்திருந்தார்கள். ஸ்டியரிங் தானாகத் திரும்பும். அதைத் தொடக் கூடாது. தொட்டால் மணி அடிக்கும். இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக் கிடைத்த கிழவன் மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு போனான். வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்கும்போதும் காலால் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே இருந்தான்.

ஜவ்வரிசி லோடு தவறியதில் நம்பக எண் ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது.

"சரிங்ண்ணா, இனிமேல் ரெண்டு பேரும் நெசத்தையே பேசிரலாம்" என்றார் பூங்கோதை. "அப்புறம் அந்தப் பெட்டிக்கு என்ன வேலை?"

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. மறுநாள் காலை அவர் கூப்பிட்டு, "நல்லாருக்கீங்களாண்ணா?" என்று கேட்டார். சென்னியப்பன் காதில் விழுந்தது இது: "உங்க சொகத்தைக் கேக்கறதுக்கு ஒண்ணும் கூப்பிடலை. லோடு பத்திப் பேசறதுக்கு முந்தி ஏதாவது கேக்கணுமேன்னு கேக்கறேன்."

சென்னியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் காட்டிக்கொள்ளாமல், "நல்லாருக்கறனுங் அம்மிணி" என்றார். அந்தப் பக்கம் பூங்கோதை அவசரமாக லோடு விவரத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

லோடு ஏற்ற ஆபீஸுக்குப் போனபோது மேஜையில் ஒரு ரப்பர் குஷன் இருந்தது. நடுவில் ஓட்டை.

"எடுத்துட்டுப் போங்கண்ணா. எங்க சித்தப்பாவுக்கு வாங்கினது. அவரு ஆபரேசன் பண்ணிக்கிட்டாரு, இனி அவருக்கு வேண்டியதில்லை."

"எனக்கு எதுக்குங்க இது?"

பூங்கோதை சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மூட்டு வலி பரவால்ல, மூலந்தான் ரெண்டு நாளா உக்கார விடமாட்டேங்குதுன்னு காலையில நீங்கதான சொன்னீங்க?"

கட்டிய மனைவிக்குக்கூட அவர் சொல்லாத விஷயம் அது. சென்னியப்பன் குஷனை எடுத்துக்கொண்டு தலையைத் தூக்காமல் நடந்தார். அதன்பின் நாலு நாள் போனை எடுக்கவேயில்லை. அதற்குள் இரண்டு லோடு போயிற்று. நம்பக எண் நாற்பத்து நாலு.

ஊரில் மற்றவர்கள் நிலைமையும் இதேதான். டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்கள் இருக்கிற தெருவில் எந்நேரமும் போன் கத்திக்கொண்டிருக்கும். இப்போது அங்கே எழவு வீட்டு அமைதி. பேசினால் ஆபத்து என்று யாரும் பேசவில்லை. பேசாததால் லோடு நகரவில்லை. இருபது வருஷம் சேர்ந்து தொழில் செய்த ரத்தினவேலுவும் அவருடைய டிரைவரும் ஒரே ஒரு போனில் பிரிந்தார்கள். "உங்களை நம்பித்தான் இருக்கேன்" என்று ரத்தினவேலு சொன்னாராம். டிரைவர் காதில் என்ன விழுந்தது என்று இன்றுவரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் முப்பது ஜோடி கலைந்தது. முப்பது லாரியும் கம்பெனி வரிசைக்குப் போயிற்று. பெட்டிக்குச் செலவு செய்தவன் யார் என்று கேட்டுப் பார்த்த இரண்டொருவரும், பதில் தெரிந்ததும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் கொல்லிமலை லோடு வந்தது.

ஆறாயிரம் நாட்டுக்கோழிக் குஞ்சு. பொரித்து ஒரு நாள் ஆனவை. மலைமேல் பெண்கள் சங்கம் ஒன்று வாங்கியிருந்தது. அறுபது அட்டைப்பெட்டி, கூடவே கூண்டுக் கம்பியும் தீவன மூட்டையும். பொழுது இறங்கினால் மலையில் குளிர் இறங்கும். அதற்குள் குஞ்சுகள் போய் விளக்குச் சூட்டில் இருந்தாக வேண்டும். வழியில் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஆளில்லா வண்டியை ஒரு தடவை விட்டுப் பார்த்தார்கள். அது நாலாவது வளைவில் நின்று, பாதை முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டு, திரும்பவும் தெரியாமல் இரண்டு நாள் கிடந்தது.

பூங்கோதை கூப்பிட்டார். இந்த லோடு தவறினால் ஜோடி அவ்வளவுதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அண்ணா, கொல்லிமலை லோடு ஒண்ணு. சங்கத்துக்காரங்க உங்க பேரைச் சொல்லித்தான் கேட்டாங்க" என்றார் பூங்கோதை.

கடினமான லோடு என்றால் எப்போதும் அப்படித்தான் சொல்வார். ஏற்காட்டுக்காரர் பேர் சொல்லிக் கேட்டார், வால்பாறைப் பார்ட்டி உங்களைத்தான் கேட்கிறது. பதினேழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சென்னியப்பனுக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. டீக்கடையில் சொல்லிக்கொள்வார்.

இந்தத் தடவை அவர் காதில் விழுந்தது வேறு. "மூணு பேர் முடியாதுன்னுட்டாங்க. நீங்கதான் எதுக்கும் மாட்டேன்னு சொல்லமாட்டீங்க. அதனால உங்களுக்குப் போட்டேண்ணா."

அதே குரல்தான். அதே "ண்ணா"தான்.

சென்னியப்பன் "சரிங்" என்று மட்டும் சொன்னார். அதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

பத்தரைக்குக் குஞ்சு ஏற்றினார். பன்னிரண்டேகாலுக்குக் காரவள்ளி அடிவாரம். பின்னால் ஆறாயிரம் தொண்டை ஒரே சமயத்தில் கீச்சிட்டுக்கொண்டு வந்தது. பத்தாவது வளைவு, இருபதாவது வளைவு. ஓட்டை குஷன் நல்ல வேலை செய்தது, அதை நினைக்கவே அவருக்கு எரிச்சலாக இருந்தது. முப்பத்தொன்பதாவது வளைவில் திருப்பும்போது கீழே எங்கோ புஸ்ஸென்று ஒரு சத்தம். காற்றுக் குழாய் வெடித்துவிட்டது. காற்று இறங்கினால் பிரேக் தானாகவே சக்கரத்தைக் கவ்விக்கொள்ள வேண்டும், வண்டி நகரக் கூடாது. ஆனால் வலது பின்சக்கரத்தில் அது கவ்வவில்லை. வண்டி ஒரு சாண் பின்னால் நழுவியது. சென்னியப்பன் குதித்து இறங்கி, இரண்டு பெரிய கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்குக் கொடுத்து, வேர்த்து ஊற்ற நின்றார். டேஷ்போர்டில் பிரேக் விளக்கு பச்சையாக எரிந்தது.

போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது.

"அம்மிணி! பிரேக் போச்சு! முப்பத்தொன்பதாவது வளைவுல கெடக்கறேன்! சக்கரத்துக்குக் கல்லு வெச்சு நிறுத்தியிருக்கேன்! குஞ்சு செத்துரும், ஏதாவது பண்ணுங்க!"

அத்தோடு சிக்னல் போய்விட்டது. வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று அவர் தார்ப்பாயைத் தூக்கிக் கட்டி, குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தார். குஞ்சுப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தார். ஒரு குஞ்சு அவர் விரலைக் கொத்தியது.

நாமக்கல்லில் பூங்கோதையின் காதில் விழுந்தது இதுதான்: "அம்மிணி, பிரேக் நல்லாப் பிடிக்குது. வண்டி நல்லா ஏறுது. குஞ்செல்லாம் சொகமா இருக்குது. நாப்பது நிமிஷத்துல மேல போயிருவேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டியதில்லைங்க."

பாறைச் சரிவின் மறைவில் வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்று பெட்டிக்குத் தெரியவில்லை. கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்துக்கொண்டது. பிரேக் விஷயத்தில் ஊக்கு சொன்னதை நம்பியது. மனிதன் கத்துகிறான், குரல் நடுங்குகிறது, ஆகவே பொய் சொல்கிறான். ஒரு மெஷினுக்கு அது நியாயமான முடிவுதான்.

பூங்கோதை போனை வைத்தார். குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

மூன்றேகாலுக்கு முப்பத்தொன்பதாவது வளைவில் இரண்டு குட்டியானை வேன்கள் வந்து நின்றன. முதல் வேனிலிருந்து பூங்கோதை இறங்கினார். இரண்டாவதிலிருந்து மெக்கானிக் ஜபருல்லா காற்றுக் குழாய், லைனர் என்று பிரேக் சாமான் மூட்டையோடு இறங்கி, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் லாரிக்கு அடியில் போய்ப் படுத்தார்.

"போன் பண்ணி ரெண்டு மணி நேரமாச்சுங் அம்மிணி! பிரேக் போச்சுன்னு கத்தினனே!"

"கத்தினீங்களா? நல்லாப் பிடிக்குதுன்னு சொன்னீங்க."

"யாரு? நானா?"

"சொகமா இருக்குதுன்னீங்க. நாப்பது நிமிஷம்னீங்க. நான் ஒண்ணும் பண்ண வேண்டியதில்லைன்னீங்க."

சென்னியப்பன் லாரி கேபினைத் திரும்பிப் பார்த்தார். பச்சை விளக்கு. ஊக்கு ஞாபகம் வந்தது.

"அப்புறம் ஏனுங்க வந்தீங்க?"

"பதினேழு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பிரேக் நல்லாருக்குதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்களா? புது லைனர் போட்ட அன்னிக்கே வாடகை பத்தாது, பிரேக்கு சரியில்லைன்னு அழுத ஆளு நீங்க. எந்த லாரிக்காரனாவது எல்லாம் நல்லாருக்குதுன்னு சொல்லுவானா? நீங்க மலைல உருண்டுட்டீங்க, ஆவிதான் பேசுதுன்னு நெனச்சேன். ஜபருல்லாவைச் சோத்துல இருந்து எழுப்பிக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"கை கழுவக்கூட விடலை" என்று லாரிக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது.

மூன்று பேரும் இரண்டு வேன் டிரைவர்களுமாகச் சேர்ந்து அறுபது பெட்டியையும் குட்டியானைகளில் மாற்றினார்கள். வேன்கள் மேலே போய்விட்டன. ஜபருல்லா குழாயை மாட்டி முடிக்கிறவரை சென்னியப்பனும் பூங்கோதையும் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி கேபினுக்குள் இருந்தது. நடுவில் போன் இல்லை. சொன்னது சொன்னபடி கேட்கும்.

"மூணு பேர் முடியாதுன்னுட்டாங்களாக்கும்?" என்றார் சென்னியப்பன்.

பூங்கோதைக்குப் புரிந்துவிட்டது. சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த கோழி மயிரை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"ஆமாண்ணா."

"ஏற்காட்டுக்காரரு?"

"அவரும் கேக்கலை."

"வால்பாறை?"

"யாருமே கேக்கலைண்ணா. லாரிக்காரன் பேரு எந்தப் பார்ட்டிக்குத் தெரியும்? மூட்டை வந்துச்சான்னு கேப்பாங்க. நனைஞ்சுதான்னு கேப்பாங்க. யார் கொண்டுவந்தாங்கன்னு எவன் கேக்கறான்?"

சென்னியப்பன் கீழே பாதையைப் பார்த்தார். வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன.

"இனிமேலும் அப்படியே சொல்லுங்க. கேக்க நல்லாருக்குது" என்றார்.

குஞ்சுகளில் பதினொன்று செத்தன. மற்றதெல்லாம் பொழுதுக்குள் விளக்குச் சூட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. மறுநாள் வாரியத்தின் கணக்கு வந்தது. லாரிக்காரர் எல்லாம் சரியாக இருப்பதாகத் தகவல் கொடுத்திருக்கிறார். புரோக்கர் அதை நம்பாமல் மெக்கானிக்கை அனுப்பியிருக்கிறார். ஆகவே நம்பிக்கைக் குறைவு. நம்பக எண் முப்பத்தெட்டு. ஜோடி கலைக்கப்படுகிறது. வண்டியை ஒரு வாரத்துக்குள் கம்பெனி வரிசையில் ஒப்படைக்கவும்.

பூங்கோதை அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, வாசலில் நின்ற சென்னியப்பனின் லாரியில் ஏறி உட்கார்ந்தார். நிவேதனுக்குப் போன் போடச் சொன்னார். சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.

"சார், பிரேக் போன ஆளைக் காப்பாத்தினதுக்கு ஜோடியைக் கலைப்பீங்களா?" என்றார் பூங்கோதை.

நிவேதனின் குரல் வந்தது. எப்போதும்போல மரியாதையான குரல்.

"உங்க பக்கம்தாங்க நியாயம். மலைப்பாதை வண்டிக்குப் பெட்டியிலிருந்து விலக்குக் கொடுக்கச் சட்டத்துல பதினாலாவது விதி இருக்கு. நான் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. ஆனா கம்பெனிக்காரங்க மேலதிகாரிக்கு வேண்டியவங்க. என்னை ராமநாதபுரத்துக்கு மாத்திடுவாங்கன்னு பயமா இருக்கு. அதனால விதியே இல்லைன்னு உங்ககிட்டச் சொல்லிட்டிருக்கேன்."

சென்னியப்பனும் பூங்கோதையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்டியில் சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"சார், நீங்க இப்ப என்ன சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார் பூங்கோதை.

"அதைத்தாங்க சொல்றேன். ராமநாதபுரத்துல எனக்கு யாரையும் தெரியாது."

"சார், நீங்க லாரிக்காரரு போனுக்குப் பேசறீங்க. பெட்டி நடுவுல இருக்குது."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம்.

"பதிவெல்லாம் வாரியத்துக்குப் போகும்னு நீங்கதான மாட்டும்போது சொன்னீங்க?" என்றார் சென்னியப்பன், அக்கறையாக. "இதுவும் போயிருக்குமுங்களா?"

அடுத்து வந்தது நிவேதன் சொன்னதா, பெட்டி சொன்னதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "ஐயோ" என்றது குரல்.

விதி இருப்பது பதிவாகிவிட்டதால் மூன்றாம் நாள் விலக்கு உத்தரவு வந்தது, ஜோடி தப்பியது. நிவேதனே கொண்டுவந்தார். கேபினில் ஏறும்போது மண்டையை இடித்துக்கொண்டார். பெட்டியைக் கழற்றினார். கிளம்புவதற்கு முன்பு, "அந்தப் பிரேக் சென்சாரை மட்டும் மாத்திடுங்க" என்றார்.

"நாளைக்கே மாத்திர்றனுங்க" என்றார் சென்னியப்பன்.

ஊக்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் காலை பூங்கோதை கூப்பிட்டார். சென்னியப்பன் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கண்ணா இருக்கீங்க?"

"எலச்சிபாளையம் தாண்டிட்டனுங் அம்மிணி. முக்கால் மணி நேரத்துல வந்துருவேன்."

"வாங்க வாங்க, லோடு ரெடி."

சென்னியப்பன் இரண்டாவது தோசைக்குக் கை காட்டினார்.

"அண்ணா, இன்னொண்ணு" என்றார் பூங்கோதை. "கொல்லிமலைதான். சங்கத் தலைவி நேத்துப் போன் பண்ணுச்சு. அடுத்த லோடுக்கும் அந்தக் கல்லு வெச்சு வண்டியை நிறுத்தின சென்னியப்பனையே அனுப்புங்கன்னு, உங்க பேரைச் சொல்லிக் கேட்டுச்சு."

பூங்கோதையின் முன்னால் மேஜையில் அந்தப் பெயர் எழுதிய சீட்டு இருந்தது. தலைவி எழுத்துக்கூட்டிச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டது. பெயரைக் குட்டியானை டிரைவர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டாராம்.

சென்னியப்பன் சிரித்தார். "பதினேழு வருஷமாக் கேக்கறாங்களே அம்மிணி, எனக்குத் தெரியாதா?"

பூங்கோதை சீட்டைப் பார்த்தார். நிஜமாகவே கேட்டார்கள் என்று சத்தியம் செய்யலாம். செய்தால் அவர் சுத்தமாக நம்பமாட்டார்.

"ஆமாண்ணா" என்றார். "பதினேழு வருஷமா."

போனை வைத்ததும் சென்னியப்பனுக்கு என்னவோ போல இருந்தது. வந்த தோசையைத் தள்ளி வைத்தார். துவைத்து மடித்த சட்டையை எடுத்துப் போட்டார். பானட்டின் மேல் இருந்த கோழியை விரட்டினார்.

அடுத்த முக்கால் மணி நேரத்தில், சரியாகச் சொன்ன நேரத்துக்கு, நாமக்கல் ஆபீஸ் வாசலில் லாரி வந்து நின்று ஆரன் அடித்தது. குடோனில் மூட்டை கிடையாது. லோடுமேன் ஒருவரும் வந்திருக்கவில்லை. ஆபீஸ் கதவே பாதிதான் திறந்திருந்தது. தலையில் துண்டு சுற்றி, கையில் துடைப்பத்தோடு பூங்கோதை வெளியே ஓடிவந்தார்.

"ஏண்ணா, உங்களுக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்குதா? சொன்ன நேரத்துக்கே வந்து நின்னா நான் என்னத்தப் பண்றது?"